சம்பளம் கொடுப்பவர் யார்?

நேயர்களுக்கு வணக்கம்.

2024 பிப்ரவரி. சோமாலியாவில் எட்டு நாளைக்குள் மூன்று சம்பவங்கள். 8ஆம் தேதி துருக்கியின் பாதுகாப்பு அமைச்சரும் சோமாலியாவின் பாதுகாப்பு அமைச்சரும் அங்காராவில் பத்தாண்டு ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டார்கள். சோமாலியக் கடற்படைக்குப் பயிற்சி கொடுத்து, கருவிகள் கொடுத்து அதை நிமிர்த்தி விடுவது துருக்கியின் வேலை. 10ஆம் தேதி தலைநகர் மொகடிஷுவில் ஒரு ராணுவ முகாமில், புதிதாகப் பயிற்சி முடித்த சோமாலியச் சிப்பாய் ஒருவன் தனக்குப் பயிற்சி கொடுத்தவர்களையே சுட்டான். ஐக்கிய அரபு அமீரகத்தின் வீரர்களும் பஹ்ரைன் அதிகாரி ஒருவரும் செத்துப்போனார்கள். தாக்குதலுக்கு, அரசை எதிர்த்துப் போரிடும் தீவிரவாத அமைப்பான அல்ஷபாப் உரிமை கோரியது. 15ஆம் தேதி அமெரிக்கா வந்தது. 'தனாப்' என்ற சோமாலியச் சிறப்புப் படைக்கு ஐந்து தளங்கள் வரை கட்டித் தருகிறோம் என்று எழுதிக் கொடுத்தது.

ஒரு நாடு, பயிற்சி கொடுக்க வந்தவர்களோ பலர். இந்த மூவரோடு கணக்கு முடியவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல் சோமாலிய வீரர்களுக்குப் பயிற்சி தருகிறது. மொகடிஷுவில் இருக்க முடியாத நிலையில் முதல் சில ஆண்டுகள் உகாண்டாவில் வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். துருக்கி 2017 செப்டம்பரில் மொகடிஷுவில் பெரிய முகாம் திறந்தது. அங்கே உருவான படைக்கு 'கோர்கோர்' என்று பெயர். இவர்கள் போக பிரிட்டன், எத்தியோப்பியா, எரித்திரியா. ஒவ்வொருவருக்கும் ஒரு முகாம், ஒரு பாடத்திட்டம், அவரவர் துப்பாக்கி. துருக்கி முகாமில் படிப்பவர்கள் துருக்கி மொழியையும் சேர்த்துப் படிக்கிறார்கள். தனாப் வீரனுக்கு அமெரிக்கப் பழக்கம். இருவரும் ஒரே கொடிக்குச் சல்யூட் அடிக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் நெருக்கடி வரும்போது எந்தத் தொலைபேசி அழைப்புக்கு அவர்கள் கிளம்புவார்கள் என்பது வேறு கேள்வி.

இது சோமாலியாவுக்குப் புதிதும் அல்ல. அதிபர் சியாத் பாரே காலத்தில் அந்த ராணுவத்தை வளர்த்தது சோவியத் யூனியன். பீரங்கி, டாங்கி, விமானம், ஆலோசகர்கள் எல்லாமே மாஸ்கோ உபயம். 1977இல் ஓகாடன் நிலப்பகுதிக்காக சோமாலியா எத்தியோப்பியாவுக்குள் புகுந்தபோது சோவியத் யூனியன் எத்தியோப்பியா பக்கம் சாய்ந்துவிட்டது. கற்றுக்கொடுத்தவரே எதிர்க்கரையில் நின்று வழிகாட்டினார். போரில் தோற்ற பாரே பிறகு அமெரிக்காவின் பக்கம் போனார். 1991 ஜனவரியில் அவர் ஆட்சி கவிழ்ந்தபோது அந்த ராணுவம் குலம் குலமாகப் பிரிந்து, ஆயுதத்தோடு கலைந்து போயிற்று. சோவியத் காலத்தில் கட்டிய பலிடோக்லே விமானத்தளத்தில்தான் இன்று அமெரிக்கர்கள் தனாப்புக்குப் பயிற்சி தருகிறார்கள். ஓடுபாதை அதேதான், ஆசிரியர் மாறியிருக்கிறார்.

பயிற்சி என்றவுடன் நம் நினைவுக்கு வருவது மைதானம், குறிபார்த்துச் சுடுவது, கயிறு ஏறுவது. அந்தப் பகுதி பெரும்பாலும் ஒழுங்காகவே நடக்கிறது என்று நினைக்கிறேன். சோமாலிய இளைஞனுக்குச் சண்டை போடத் தெரியாது என்று யாரும் சொல்லவில்லை. சிக்கல் இருப்பது முகாமுக்கு வெளியே, சம்பளப் பட்டியலில்.

நீண்ட காலம் சோமாலியாவில் சிப்பாயின் சம்பளம் தளபதியின் கை வழியாகத்தான் வந்தது. தலைமையகத்திலிருந்து ரொக்கம் தளபதிக்குப் போகும். 'என்னிடம் இத்தனை பேர்' என்று அவர் எழுதியதே கணக்கு. செத்தவன் பெயர், ஓடிப்போனவன் பெயர், பிறக்கவே பிறக்காதவன் பெயர் எல்லாம் பட்டியலில் இருக்கும். உயிரோடு காவலில் நிற்பவனுக்கு மாதக்கணக்கில் காசு வராது. அவன் என்ன செய்வான்? சாலையில் தடுப்புப் போட்டு லாரிக்காரர்களிடம் வசூலிப்பான். இல்லையென்றால் தோட்டாக்களைச் சந்தையில் விற்பான். சில நேரம் துப்பாக்கியையே விற்பான். வாங்குகிறவர்களில் அல்ஷபாப் ஆட்களும் உண்டு. வெளிநாட்டவர் கொடுத்த பயிற்சியும் ஆயுதமும் எதிரியின் கைக்குப் போகும் குறுக்குவழி இதுதான். 2017 டிசம்பரில் அமெரிக்காவே வெறுத்துப்போய், ஊழலைக் காரணம் காட்டி, சோமாலிய ராணுவத்தின் பெரும்பகுதிக்குக் கொடுத்துவந்த உணவையும் எரிபொருளையும் நிறுத்தியது.

பிறகு ஒரு மாற்றம் வந்தது. வெளியே அதிகம் பேசப்படாத மாற்றம். வீரர்களை ஒவ்வொருவராக நிற்கவைத்து, கைரேகை எடுத்து, படம் எடுத்துப் பதிந்தார்கள். சம்பளம் தளபதியைத் தாண்டி நேராக அவனவன் கணக்குக்குப் போகத் தொடங்கியது. புதிய முகாம் திறந்ததைவிட இது பெரிய பாதுகாப்பு நடவடிக்கை என்பது என் கருத்து. ரிப்பன் வெட்ட முடியாத வேலை என்பதால் இதற்கு விழா எடுக்க யாரும் வருவதில்லை.

சம்பளத்தை வெளிநாடே கொடுத்தால் என்ன ஆகும்? அதையும் மொகடிஷு பார்த்திருக்கிறது. 2018 ஏப்ரலில் அமீரகத்திலிருந்து வந்த விமானத்தில் 96 லட்சம் டாலர் ரொக்கத்தைச் சோமாலிய அதிகாரிகள் பறிமுதல் செய்தார்கள். 'அது நாங்கள் பயிற்சி கொடுக்கும் வீரர்களுக்கான பணம்' என்றது அமீரகம். பின்னணியில் வளைகுடாச் சண்டை. கத்தாரோடு சவுதியும் அமீரகமும் முறித்துக்கொண்டிருந்த நேரம், சோமாலியா அமீரகத்தின் பக்கம் சேர மறுத்திருந்தது. சில நாளில் அமீரகம் தன் பயிற்சித் திட்டத்தையே அப்போதைக்கு மூடியது. அதே மாதம் அந்த முகாமில் சிப்பாய்களுக்கிடையே துப்பாக்கிச் சூடு. ஆயுதங்கள் சூறை போயின. ஆறேழு வருடம் கழித்து வருமென்று பயப்பட வேண்டிய விளைவு சில வாரத்திலேயே வந்துவிட்டது. ரியாதும் தோஹாவும் அபுதாபியும் போட்ட சண்டைக்கு மொகடிஷு தெரு விலை கொடுத்தது.

எரித்திரியா விவகாரம் இன்னும் வேதனையானது. சுமார் 5,000 இளைஞர்களை ரகசியமாக அங்கே பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். கத்தாரில் வேலை என்று சொல்லித்தான் கூட்டிப்போனார்கள் என்று பல குடும்பங்கள் கூறின. 2021 ஜனவரியில் தாய்மார்கள் மொகடிஷு தெருவில் இறங்கி, 'எங்கள் பிள்ளைகள் எங்கே' என்று கேட்டார்கள். அரசு மழுப்பியது. அடுத்த அதிபர் வந்த பிறகுதான் உண்மையை ஒப்புக்கொண்டார்கள். 2022 டிசம்பரில்தான் முதல் அணி ஊர் திரும்பியது. தன் மகன் எந்த நாட்டில் இருக்கிறான் என்று தெரியாத தாய்க்கு 'தேசிய ராணுவம்' என்ற பெயரில் என்ன நம்பிக்கை மிஞ்சும்?

அதே 2021 ஏப்ரலில், அதிபர் ஃபர்மாஜோவின் பதவிக்காலத்தை நாடாளுமன்றம் நீட்டித்ததும் ராணுவம் தலைநகரிலேயே இரண்டாகப் பிளந்து ஒன்றையொன்று சுட்டது. பிளந்த கோடு பெரும்பாலும் குலக் கோடு. அதற்குச் சில மாதம் முன்பே, துருக்கி பயிற்சி கொடுத்த 'ஹரம்அத்' போலீஸ் பிரிவுக்குத் துப்பாக்கி அனுப்ப வேண்டாம், தேர்தலில் எங்கள்மேல் பாயும் என்று எதிர்க்கட்சியினர் துருக்கித் தூதருக்கே கடிதம் எழுதியிருந்தார்கள்.

'தனாப் நன்றாகத்தானே செய்கிறது' என்று கேட்கலாம். நன்றாகவே செய்கிறது. எல்லாக் குலங்களிலிருந்தும் தகுதி பார்த்து ஆள் எடுப்பதுதான் அதன் பலம். ஆனாலும் 2024 ஏப்ரலில், அமெரிக்கா கொடுத்த உணவுப்பொருளைத் திருடியதாக அந்தப் படையிலேயே சிலர் கைதானார்கள். தவிர, சண்டையில் முன்னேறிப் பிடித்த ஊரை யார் வைத்துக்கொள்வது? சிறப்புப் படை அடுத்த சண்டைக்குப் போய்விடும். போலீஸ்காரரும் நீதிபதியும் வராத ஊருக்கு இரண்டு வாரத்தில் அல்ஷபாப் திரும்பி வந்து வரி வசூலிக்கும்.

வேறு நாடுகளிலும் இதே நாற்றம்தான். 2014இல் மொசூல் நகரம் ஐஎஸ் அமைப்பிடம் விழுந்த பிறகு, பட்டியலில் மட்டும் இருந்த 50,000 வீரர்களைக் கண்டுபிடித்ததாக இராக் பிரதமர் அபாதி அறிவித்தார். மாலியில் 2012இல் ஆட்சியைப் பிடித்த கேப்டன் சனோகோ அமெரிக்காவில் படித்தவர். 2020இல் பிடித்த கோய்தாவும் அமெரிக்கப் பயிற்சி பெற்றவரே. ஆப்கானிஸ்தானில் 2021 ஆகஸ்டில் நடந்ததை நேயர்கள் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தீர்கள். பலர் மறந்துவிட்டது அதற்கு முந்தைய கதை. 1989 பிப்ரவரியில் சோவியத் படை வெளியேறிய பிறகும் ஆப்கான் அதிபர் நஜிபுல்லாவின் ராணுவம் மூன்றாண்டு தாக்குப்பிடித்தது. சோவியத் யூனியன் உடைந்து, பணமும் எண்ணெயும் நின்ற பிறகுதான் 1992 ஏப்ரலில் காபூல் விழுந்தது.

ஓரளவு தேறிய இடம் என்றால் சியரா லியோன். போர் முடிவதற்கு முன்பே வந்த பிரிட்டன் தலைமையிலான பயிற்சிக் குழு, 2002இல் போர் முடிந்த பிறகும் பத்தாண்டுக்கு மேல் அங்கேயே இருந்தது. மைதானத்தோடு நிற்காமல் பாதுகாப்பு அமைச்சகத்தின் அலுவலகத்திலும் உட்கார்ந்து கணக்கும் கோப்பும் பார்த்தது. போலீஸ் துறையை அதற்கு முன்பே கையிலெடுத்திருந்தார்கள். சில ஆண்டுகள் அதன் தலைமை அதிகாரியாக இருந்தவரே ஒரு பிரிட்டிஷ்காரர். அந்த அளவுக்குத் தலையிடலாமா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அங்கே போர் முடிந்துவிட்டது, முதன்மை ஆசிரியர் ஒருவரே. சோமாலியாவில் இரண்டும் இல்லை. ஆகவே அந்த மாதிரியை அப்படியே தூக்கி அங்கே வைக்க முடியாது. கைரேகைப் பதிவும் வங்கிக் கணக்கும் மட்டும் போர் நடக்கும்போதே செய்யக்கூடியவை. சோமாலியா பாதி செய்தும் விட்டது. மீதிப் பாதிக்குப் பணம் எந்த நாட்டிலிருந்து, எத்தனை ஆண்டுக்கு என்பதை அந்த ஒப்பந்தங்களில் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.