கொரோனா வந்தா மூளை சுருங்கிடுமா? எம்.ஆர்.ஐ. எடுத்துப் பாக்கணுமா? – நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். அடுத்த கேள்வியை ஒரு அம்மா வாய்ஸ் மெசேஜா அனுப்பியிருக்காங்க. வயசு 56-ன்னு சொல்றாங்க. "டாக்டர், 2021-ல எனக்குக் கொரோனா வந்துச்சு, வீட்டுல இருந்தே சரியாயிடுச்சு. ஆனா வாசனை இன்னும் முழுசாத் திரும்பலை. காபி குடிச்சா கருகின ரப்பர் வாசனை அடிக்குது. தெரிஞ்சவங்க பேர்கூட சட்டுனு வரமாட்டேங்குது. கொரோனா மூளையைச் சுருக்கிடுதுன்னு ஒரு வீடியோல பாத்தேன். நான் ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பாத்துடட்டுமா?"

அம்மா, சுருங்கியிருக்கான்னு பாக்குறதுக்காக மட்டும்னா எடுக்காதீங்க. நான் ரேடியாலஜிஸ்ட். நாள் முழுக்க ஸ்கேன் படத்தைப் பாத்து ரிப்போர்ட் எழுதுறவன். அதனாலதான் இவ்வளவு உறுதியா சொல்றேன். ஆனா வெறுமனே வேண்டாம்னு சொல்லிட்டுப் போனா உங்க பயம் போகாது. அந்த வீடியோல சொன்ன ஆய்வு நிஜமா நடந்தது, நல்லாவும் நடந்தது. அதனால அதுல என்ன பாத்தாங்கன்னு கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

இங்கிலாந்துல யூகே பயோபேங்க்னு ஒரு பெரிய திட்டம் இருக்கு. கொரோனாவுக்கு ரொம்ப முன்னாடியே, 2014-லேர்ந்து, ஆரோக்கியமா இருக்குற ஆயிரக்கணக்கான பேருக்கு மூளை ஸ்கேன் எடுத்துட்டு வர்றாங்க. கொரோனா பரவினதும் அதுல ஒரு பகுதிப் பேரைத் திரும்பக் கூப்பிட்டு, அதே மாதிரி மெஷின்ல, அதே முறையில ரெண்டாவது தடவை எடுத்தாங்க. மொத்தம் 785 பேர், 51-லேர்ந்து 81 வயசு வரைக்கும். அதுல 401 பேருக்கு ரெண்டு ஸ்கேனுக்கும் நடுவுல தொற்று வந்திருந்துச்சு, 384 பேருக்கு வரலை. தொற்று வந்தவங்கள்ல ஆஸ்பத்திரியில சேர்ந்தவங்க 15 பேர்தான். மத்தவங்க எல்லாரும் உங்களை மாதிரி வீட்டுல இருந்தே தேறினவங்க. ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துல குவெனயெல் துவோங்கிற விஞ்ஞானியோட குழு இதை 2022 மார்ச்ல நேச்சர் இதழ்ல வெளியிட்டாங்க.

தொற்றுக்கு முன்னாடி எடுத்த படம் கையில இருந்ததுதான் இந்த ஆய்வோட பலமே. நோய் வந்த பிறகு மட்டும் எடுத்தா, அந்த மூளை முன்னாடியே அப்படி இருந்துச்சா, நோயால ஆச்சான்னு சொல்ல முடியாது.

வயசாக ஆக எல்லாருக்கும் மூளை கொஞ்சம் குறையும். தொற்று வந்த குழுவுல, சில இடங்கள்ல, அதுக்கு மேல 0.2-லேர்ந்து 2 சதவீதம் வரைக்கும் கூடுதலா குறைஞ்சிருந்துச்சு. எந்த இடம்னா, கண்குழிக்கு நேர் மேல இருக்குற முன்மூளைப் பகுதி, அப்புறம் ஞாபகத்துக்கு வேலை செய்யுற ஹிப்போகேம்பஸை ஒட்டின பகுதி. ரெண்டுமே வாசனையோட தொடர்புள்ள இடங்கள். ஒரு சின்னப் பரீட்சையும் வச்சாங்க. தாள்ல எண்ணும் எழுத்தும் சிதறிக் கிடக்கும். நம்ம எழுத்துல சொல்லணும்னா, 1-லேர்ந்து அ-வுக்கு, அங்கேர்ந்து 2-க்கு, 2-லேர்ந்து ஆ-வுக்குன்னு மாத்தி மாத்திக் கோடு இழுக்கணும். இதை முடிக்க ஆகுற நேரம் தொற்று வந்தவங்களுக்குக் கூடுதலா ஏறியிருந்துச்சு.

இப்ப அந்த 2 சதவீதத்தை அளந்து பாப்போம். மூளையோட மேல்பட்டையின் தடிமன் சராசரியா 2.5 மில்லிமீட்டர். அதுல 2 சதவீதம்னா 0.05 மில்லிமீட்டர். ஒரு நோட்டுப்புத்தகத் தாளோட தடிமன்ல சுமார் பாதி. நான் கம்ப்யூட்டர்ல எவ்வளவு பெருசாக்கிப் பாத்தாலும், படத்துல இருக்குற ஒரு புள்ளியே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். அந்த வித்தியாசம் என் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. நூத்துக்கணக்கான பேரோட படத்தைக் கணக்குப் போட்டு, சராசரி எடுத்தாத்தான் தெரியும். அந்தச் சராசரிக்குள்ளேயே தொற்று வந்தும் குறையாதவங்க இருக்காங்க, வராமலே குறைஞ்சவங்களும் இருக்காங்க. அதோட உங்க 2020 ஸ்கேன் எங்கிட்ட இல்லையே அம்மா. எதோட ஒப்பிட்டு நான் சொல்றது?

இன்னொண்ணு, நிறைய பேர் இதுல மாட்டிக்கிறாங்க. ஐம்பது தாண்டினவங்க யாருக்கு எடுத்தாலும், ரிப்போர்ட்ல "ஏஜ் ரிலேட்டட் செரிப்ரல் அட்ரோஃபி"ன்னு ஒரு வரி வர வாய்ப்பு உண்டு. வயசுக்கேத்த சுருக்கம்னு அர்த்தம், தலை நரைக்கிற மாதிரி. ஒருத்தர் அந்த ஒரு வரியை மட்டும் பேனாவுல வட்டம் போட்டு எடுத்துட்டு வந்தார். மூணு வாரமா சரியாத் தூங்கலையாம். "சார், எனக்கு மூளை சுருங்கிடுச்சாமே"ன்னு கேட்டப்போ அவர் கை நடுங்குச்சு. அந்த மாதிரி வரியை எழுதுறவன் நான். அன்னைக்கு எனக்கு மனசு கஷ்டமாயிடுச்சு. அதுலேர்ந்து "வயதுக்கு இயல்பானது"ன்னு பக்கத்துலயே சேர்த்து எழுதுறேன்.

அப்ப வைரஸ் மூளைக்குள்ள போய் உக்காந்துடுச்சான்னும் கேப்பீங்க. அமெரிக்காவுல தேசிய சுகாதார நிறுவனத்துக்காரங்க, கொரோனாவுல இறந்துபோன 19 பேரோட மூளைத் திசுவைச் சோதிச்சாங்க. பெரும்பாலானவங்க திசுவை 11.7 டெஸ்லா ஸ்கேனர்ல வச்சும் படம் எடுத்தாங்க. டெஸ்லாங்கிறது ஸ்கேன் மெஷினோட காந்த சக்தியை அளக்குற அளவு. நம்ம ஊர் சென்டர்கள்ல இருக்குறது 1.5 இல்லன்னா 3 டெஸ்லா. நுண்ணிய ரத்தக்குழாய்களோட சுவர் மெலிஞ்சு கசிஞ்சிருந்ததைப் பாத்தாங்க. ஆனா திசுவுல வைரஸைத் தேடினப்போ கிடைக்கலை. வாசனை போறதும் இப்படித்தான். வைரஸ் பிடிச்சுக்கிற ஏசிஇ-2ங்கிற கொக்கி, வாசனை நரம்பு செல்லுல இல்ல, அதுக்குப் பக்கபலமா நிக்கிற தாங்கு செல்கள்லதான் இருக்கு. அதுங்க சாயும்போது நரம்பும் வேலையை நிறுத்திடுது.

மூளையில அந்த வாசனைப் பகுதிகள் ஏன் மெலிஞ்சதுன்னு துவோ குழு மூணு சாத்தியம் சொல்லுது. வாசனைப் பாதை வழியா நோய் பரவியிருக்கலாம், உடம்புல வந்த அழற்சி காரணமா இருக்கலாம், இல்லன்னா மூக்குலேர்ந்து செய்தி வராததால அந்த இடம் வேலையில்லாம மெலிஞ்சிருக்கலாம். மூணாவது உங்களுக்கு முக்கியம், திரும்ப அதுக்கு வர்றேன்.

ஸ்கேன் உடனே எடுக்க வேண்டிய நிலைமையும் இருக்கு. அதைச் சொல்லாம விட்டா தப்பு. குழந்தைக்கு ஃப்ளூ காய்ச்சல், ஒண்ணு ரெண்டு நாள்ல வலிப்பு வருது, இல்லன்னா எழுப்பினாலும் கண் திறக்காம சோர்ந்து கிடக்குதுன்னா ஒரு நிமிஷம்கூட வீட்டுல வச்சிருக்காதீங்க. ரொம்ப அபூர்வமா, மூளை நடுவுல இருக்குற தாலமஸ் ரெண்டும் தாக்கப்படுற ஒரு நோய் வரும். எம்.ஆர்.ஐ.ல இடதும் வலதும் கண்ணாடியில பாத்த மாதிரி ஒரே சீரா வெள்ளையாத் தெரியும். 1995-ல ஜப்பான்ல மிசுகுச்சிங்கிற டாக்டரோட குழு இதைத் தனி நோயா விவரிச்சாங்க. இதுலயும் பெரும்பாலும் வைரஸை விட, அதை எதிர்த்து உடம்பு கிளப்புற அழற்சிதான் மூளையைக் கெடுக்குது. ஃப்ளூ காய்ச்சல்ல குழந்தைங்களுக்கு ஆஸ்பிரின் மாத்திரை குடுக்கவே கூடாது, அது ஈரலையும் மூளையையும் தாக்குற வேற ஒரு ஆபத்தைக் கொண்டு வரும். பெரியவங்களுக்கு, ஃப்ளூவோ கொரோனாவோ வந்த முதல் சில வாரங்கள்ல பக்கவாதம் வர்ற வாய்ப்பு கூடும். வாய் கோணுது, ஒரு கை தொங்குது, பேச்சு குழறுதுன்னா 108-க்குப் போன் பண்ணுங்க. அடைப்பைக் கரைக்கிற ஊசியை 4.5 மணி நேரத்துக்குள்ள போடணும்.

உங்களுக்கு அந்த அறிகுறி எதுவும் இல்ல. பேர் மறக்குறதுக்கு ஸ்கேனுக்கு முன்னாடி பாக்க வேண்டியது ரத்தம். தைராய்டு, பி12, சர்க்கரை, ரத்தசோகை. ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குறீங்க, மனசு சோர்வா இருக்கான்னும் உங்க டாக்டர்கிட்ட திறந்து சொல்லுங்க. மறதி மாசாமாசம் ஏறுது, தெரிஞ்ச தெருவுல வழி தப்புதுன்னா, நரம்பியல் டாக்டரே பரிசோதிச்சுட்டு ஸ்கேன் எழுதுவார். அப்ப தாராளமா எடுங்க.

இப்ப காபிக்கு வர்றேன். மூக்குலேர்ந்து செய்தி வராம அந்த இடம் வேலையில்லாம மெலிஞ்சிருக்கலாம்னு மூணாவதா சொன்னேன்ல, அதனாலதான் மூக்குக்குத் திரும்ப வேலை குடுத்துப் பாக்கச் சொல்றேன். ஜெர்மனியில டிரெஸ்டன்ல தாமஸ் ஹும்மல்ங்கிற பேராசிரியர் 2009-ல வாசனைப் பயிற்சின்னு ஒரு முறையை வெளியிட்டார். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ். நாலே வாசனை. காலையில ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை, குறைஞ்சது 12 வாரம். நம்ம வீட்டுலயே பன்னீர், எலுமிச்சைத் தோல், தட்டின கிராம்பு, நீலகிரித் தைலம் நாலும் இருக்கும். நாலு சின்ன பாட்டில்ல போட்டு மூடி வச்சுக்கோங்க. தைலம் பஞ்சுல ரெண்டு சொட்டுப் போதும், மூக்குக்குள்ள விடக் கூடாது. ஒவ்வொண்ணையும் பத்து விநாடி, மூச்சை ஆழமா இழுக்காம, சின்னச் சின்னதா மோந்து பாருங்க. மோக்கும்போது அந்த வாசனை முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு மனசுல கொண்டு வாங்க, கிராம்புன்னா பிரியாணி தாளிக்கிற நேரம், பன்னீர்னா கல்யாண வீட்டு வாசல். முதல் மாசம் ஒண்ணுமே தெரியாம இருக்கலாம், விட்டுடாதீங்க. நாலு மாசம் கழிச்சு காபி எப்படி இருக்குன்னு இன்னொரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க அம்மா.