குட்டியின் தாயைப் பார்த்தீர்களா?

நேயர்களுக்கு வணக்கம். 22 வருடங்களாகத் தாம்பரம் பக்கம் கால்நடை மருத்துவராக இருக்கிறேன். “டாக்டர், வீட்டில் நாய் வளர்க்கலாம் என்றிருக்கிறோம். பிரீடரிடம் வாங்கலாமா, காப்பகத்திலிருந்து எடுக்கலாமா?” என்று அடிக்கடி யாராவது ஃபோன் செய்து கேட்பார்கள். நான் உடனே பதில் சொல்வதில்லை. பிரீடரிடம், அதாவது நாய்களை இணை சேர்த்துக் குட்டிகளை விற்பவரிடம், ஏற்கெனவே பேசிவிட்டார்கள் என்றால் ஒன்றுதான் கேட்பேன். குட்டியின் தாயைப் பார்த்தீர்களா?

பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டார்கள். அப்படி ஒரு குட்டி என் மேசைக்கு வந்ததைச் சொல்கிறேன். பள்ளி விடுமுறை சமயம். அட்டைப்பெட்டியில் லேப்ரடார் குட்டி. 45 நாள் ஆகிறது என்று சொல்லிக் கொடுத்தார்களாம். வாயைத் திறந்து பார்த்தேன். கோரைப்பற்கள் அப்போதுதான் ஈறைவிட்டு எட்டிப் பார்த்தன. 30 நாள்கூட ஆகியிருக்காது. வாட்ஸ்ஆப்பில் படம் பார்த்துப் பணம் அனுப்பியிருக்கிறார்கள். பைபாஸ் ஓரத்தில் ஒருவர் பைக்கில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அடுத்த நாளே வாந்தி, அப்புறம் ரத்தபேதி. பார்வோ என்கிற, குடலைத் தாக்கும் வைரஸ் நோய். டிரிப் ஏற்றினோம், இரவெல்லாம் பார்த்தோம். ஐந்தாம் நாள் போய்விட்டது.

பார்வோ கிருமி உடம்புக்குள் போனதுமே நோய் தெரியாது. அதற்குச் சில நாட்கள் ஆகும், சில சமயம் இரண்டு வாரம்கூட ஆகலாம். அந்தக் குடும்பத்தின் மேல் எந்தத் தவறும் இல்லை, குட்டி வரும்போதே கிருமியோடுதான் வந்தது. “இன்னொன்று இலவசமாகவே தருகிறேன் என்கிறார், வாங்கிக்கொள்ளட்டுமா டாக்டர்?” என்று அந்த வீட்டுக்காரர் கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன். அந்தக் கிருமி மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தடுப்பூசி முடியாத இன்னொரு குட்டியை அதே வீட்டுக்குள் கொண்டுபோவது தெரிந்தே செய்கிற கொடுமை.

தாய் ஏன் முக்கியம்? ‘தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை’ என்று நம் வீடுகளில் சொல்வோமே, நாய்க்கும் அது பொருந்தும். பயந்து மூலையில் ஒடுங்குகிற தாயிடம் வளரும் குட்டி, பயத்தையும் சேர்த்தே கற்கிறது. பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் கடித்து விளையாடும்போதுதான், எவ்வளவு அழுத்தி கடித்தால் மற்றவருக்கு வலிக்கும் என்று அதற்குப் புரிகிறது. அதைக் கற்றுக்கொள்வதற்கு முன்பே பிரித்துவிட்டால் அந்தப் பாடத்தை உங்கள் பிள்ளையின் கைதான் நடத்தவேண்டியிருக்கும்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2017-இல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க விதிகளின்படி, எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. பெண் நாய்க்கு 18 மாதம் ஆன பிறகுதான் இணை சேர்க்க வேண்டும். வருடத்துக்கு ஓர் ஈற்றுதான், வாழ்நாளில் ஐந்துக்கு மேல் போகக் கூடாது, எட்டு வயதைத் தாண்டினால் நிறுத்திவிட வேண்டும். பிரீடர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். ஆகவே பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்டதும் முகம் மாறினால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். பலர் கே.சி.ஐ. (கென்னல் கிளப் ஆஃப் இந்தியா) சான்றிதழை நீட்டி, இதற்கு மேல் என்ன வேண்டும் என்பார்கள். அது வம்சாவளியைத்தான் சொல்கிறது. இடுப்பு மூட்டு எப்படி இருக்கிறது, இதயம் எப்படி இருக்கிறது என்பதெல்லாம் அந்தத் தாளில் இருக்காது.

பிரீடர் என்றாலே கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். விருதுநகர் மாவட்டத்துக்குப் போனால் ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்களைத் தலைமுறையாக வைத்திருக்கிற குடும்பங்கள் உண்டு. அவர்கள் இல்லையென்றால் இந்த இனங்கள் எப்போதோ கலந்து கரைந்திருக்கும். ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு வருவதுண்டு. வெள்ளை நிறத்தோடு சேர்ந்து வருகிற குறை அது. நல்ல வளர்ப்பவர் குட்டி அசந்திருக்கும்போது பின்னால் நின்று கைதட்டி, எது திரும்புகிறது, எது திரும்பவில்லை என்று உங்கள் கண்ணெதிரிலேயே காட்டுவார். தாயை அவிழ்த்துவிட்டுக் காட்டுவார். அதோடு உங்களையும் கேள்வி கேட்பார். வீட்டில் ஓட இடம் இருக்கிறதா, பகலில் யார் இருப்பார்கள், முன்பு நாய் வளர்த்திருக்கிறீர்களா? அப்படிக் கேட்கிறவரை நம்புங்கள். வளர்க்க முடியாமல் போனால் என்னிடமே கொண்டுவந்து விடுங்கள் என்று சொல்கிறவரை இன்னும் நம்புங்கள்.

சென்னை வெயிலில் ஹஸ்கி வளர்ப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. அது பனியில் வண்டி இழுக்கப் பிறந்த நாய். இரட்டை அடுக்கு ரோமத்தோடு இங்கே மே மாதத்தில் அது மூச்சுவாங்குவதைப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு மனசு ஆறுவதில்லை. தயவுசெய்து அந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

சரி, காப்பகத்துக்கு வருவோம். சென்னையில் புளூ கிராஸ் இருக்கிறது. விமானியாக இருந்த கேப்டன் சுந்தரம் 1959-இல் தொடங்கிய அமைப்பு. இன்னும் பல சிறிய காப்பகங்களும், தெருவில் கிடந்த குட்டிகளை வீட்டில் வைத்துத் தேற்றி நல்ல இடம் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். அங்கே எல்லாம் நன்றாகவே இருக்கும் என்று சொல்லி உங்களை அனுப்ப எனக்கு மனமில்லை. பல நாய்கள் நெருக்கமாக இருக்கிற இடத்தில் பார்வோவும், டிஸ்டம்பர் என்கிற இன்னொரு வைரஸ் நோயும் பரவும். எந்தத் தடுப்பூசி எப்போது போட்டார்கள், உண்ணிக் காய்ச்சல் வந்திருந்ததா என்று கேட்டு வாங்குங்கள். குட்டியின் தாயை அங்கே பார்க்க முடியாமல் போகலாம். அப்போது தினமும் அதற்குச் சோறு வைக்கிற ஆளைத் தேடிப்பிடித்துப் பேசுங்கள். தட்டருகே கை கொண்டுபோனால் உறுமுமா, பிள்ளைகளைக் கண்டால் ஒதுங்குமா என்பதெல்லாம் அலுவலக அறையில் இருப்பவரைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

என்னைக் கேட்டால், முதல்முறையாக நாய் வளர்க்கிற வீட்டுக்குக் காப்பகத்திலிருக்கும் இரண்டு மூன்று வயது நாட்டு நாய்தான் நல்லது. எவ்வளவு பெரிதாக வளரும், என்ன குணம் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. நம் வெயில் அதற்குப் பழக்கம். பெரும்பாலும் கருத்தடையும் முடிந்திருக்கும். குட்டியாக வந்தால்தான் ஒட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை அது சரியில்லை. முதல் சில நாட்கள் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கும், சாப்பிடாது. இழுத்து வெளியே கொண்டுவராமல் விட்டுவிட்டால் தானாக வரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீங்கள் பார்க்காமல் விட்ட அந்தத் தாய்களை நான் காப்பகத்தில் பார்த்திருக்கிறேன். புதன்கிழமைகளில் ஒரு காப்பகத்துக்குக் கருத்தடை செய்யப் போவேன். ஈற்று எடுக்க முடியாத வயதானதும் இரவோடு இரவாக வாசல் கேட்டில் கட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அப்படி வந்தது ஒரு லேப்ரடார், ஏழு வயது இருக்கும். பால்காம்புகள் தொங்கிப்போய், சிமெண்டுத் தரையிலேயே படுத்துப் படுத்து முழங்கை இரண்டும் காய்த்திருந்தன. நகம் வளைந்து சதைக்குள் இறங்கியிருந்தது. மண்ணில் இறக்கிவிட்டால் காலைத் தூக்கித் தூக்கி வைத்தது.

ஓய்வுபெற்ற ஒரு தம்பதி குட்டி கேட்டு வந்தவர்கள், இவளைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார்கள். வயசாகிவிட்டதே என்று அந்த அம்மா தயங்கினார். “நமக்கும்தானே” என்றார் கணவர். கூட்டிப்போனார்கள்.

மூன்று மாதம் கழித்துத் தடுப்பூசிக்கு வந்தபோது, எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். “குக்கர் விசில் அடித்தால் இப்போதும் நடுங்குகிறாள் டாக்டர்” என்றார் அந்த அம்மா. “ஆனால் நேற்று முதல் தடவையாக மாடிப்படி ஏறினாள். பாதியில் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள். இவர் போய்ப் பின்னால் நின்றுகொண்டார். அப்புறம் மேலே வரைக்கும் போய்விட்டாள்.”