அம்மை போட்டா டாக்டர்கிட்ட போனா சாமி குத்தமா?

வணக்கம். வெயில் ஏற ஆரம்பிச்சா இந்தக் கேள்வி நெறைய வீட்ல வந்துரும். புள்ளைக்கு ரெண்டு நாளா காய்ச்சல், நெஞ்சுல முதுகுல நீர் கோத்த கொப்புளம், பாட்டி பாத்த உடனே "ஆத்தா வந்திருக்கா, முத்து போட்டிருக்கு, ஊசி மாத்திரைன்னு எங்கயும் தூக்கிட்டுப் போயிராத, கோவிச்சுக்குவா"ன்னு சொல்லிருவாங்க. வாசல்ல வேப்பிலை ஏறிடும், வீட்ல தாளிப்பு நின்னுடும், டாக்டர்ங்கிற பேச்சே யாரும் எடுக்க மாட்டாங்க.

இதை மூடநம்பிக்கைன்னு ஒரே வார்த்தையில தள்ளிட்டுப் போறதுல எனக்கு உடன்பாடு கெடையாது. அந்தக் காலத்துல அம்மைன்னாலே பயம் பெரியம்மை மேலதான், வைசூரின்னு சொல்லுவாங்க. வந்த பத்து பேர்ல மூணு பேர் கிட்ட செத்துப் போனாங்க, பொழச்சவங்களுக்கு மூஞ்சி பூரா தழும்பு, சிலருக்கு கண்ணும் போச்சு. அதை குணமாக்குற மருந்து எந்த நாட்டு வைத்தியர்கிட்டயும் இல்ல, அந்த நோய் ஒழியற வரைக்குமே இல்ல. அப்போ மாரியம்மன் கோயில் வாசல்ல போய் விழுந்தவங்களுக்கு போக வேற எடம் எங்க இருந்துச்சு சொல்லுங்க.

[திரையில்: 1796, 1802, 1980]

1796ல இங்கிலாந்துல எட்வர்ட் ஜென்னர் மாட்டம்மையை வெச்சு தடுப்பூசி போட்டுக் காட்டினார், 1802லயே அது இந்தியாவுக்கு வந்துருச்சு, ஆனா போட்டுக்க ஜனங்க தயங்குனாங்க. அப்போ மெட்ராஸ் கலெக்டரா இருந்த எல்லிஸ், தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம்னு 1816ல எழுதினாரே அவரேதான், தெய்வமே இந்தத் தடுப்பூசியை ஏத்துக்கிற மாதிரி தமிழ்ல ஒரு கதை எழுதினார். நல்ல எண்ணம்தான், ஆனாலும் சாமி வாயில நம்ம வார்த்தையை வெக்கிறது எனக்குப் புடிக்கல, ஜனங்ககிட்ட நேரா பேசியிருக்கலாம். எப்படியோ தடுப்பூசி ஜெயிச்சுது. இந்தியாவுல கடைசி கேஸ் 1975 மே மாசம், 1980ல உலகத்துலயே இல்லைன்னு உலக சுகாதார நிறுவனம் அறிவிச்சுருச்சு.

நோய் போயிருச்சு, ஆனா அதுக்குன்னு இருந்த கட்டுப்பாடு அப்படியே சின்னம்மை மேல வந்து உக்காந்துருச்சு. சின்னம்மை வேற வைரஸ், வேரிசெல்லா சோஸ்டர்னு பேரு. நல்லா இருக்குற குழந்தைங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு ஒரு வாரம் பத்து நாள்ல தானா பொக்கு கட்டி உதிர்ந்துரும். அதே நேரத்துலதான் நாமளும் வேப்பிலை மஞ்சள் போட்டு தண்ணி ஊத்துறோம், "அம்மா எறங்கிட்டா"ன்னு சொல்றோம், அடுத்த தடவையும் நம்பிக்கை இன்னும் கெட்டியாகுது. ஆனா வேப்பமரமே இல்லாத நாட்டுப் புள்ளைங்களுக்கும் அதே பத்து நாள்ல உதிருதே, அதை யோசிச்சுப் பாக்கணும்.

பழக்கத்துல நல்லதும் இருக்கு, அதையும் சொல்லணும். தனி ரூம்ல படுக்க வெக்கிறது ரொம்ப சரி, ஏன்னா கொப்புளம் தெரியறதுக்கு ஒண்ணு ரெண்டு நாள் முன்னாடியிலருந்து எல்லாம் காஞ்சு பொக்கு கட்டுற வரைக்கும் இது ஒட்டும். பருத்தித் துணி, இளநீர், கூழ் எல்லாம் தாராளமா குடுங்க. அரிப்பு எடுக்கும்போது நகம் படாம வேப்பிலைக் கொத்தால மெதுவா தடவுறதும் தப்பில்ல. ஆனா தண்ணி ஊத்துற நாள் வரைக்கும் ஒடம்புல தண்ணியே படக்கூடாதுங்கிறதை விட்டுருங்க, சொறிஞ்ச புண்ணுல அழுக்கு சேந்து சீழ் வெக்கிறதுதான் குழந்தைங்களுக்கு அடிக்கடி வர்ற தொல்லை. மெதுவா தெனமும் குளிப்பாட்டலாம்.

எனக்கு கவலையெல்லாம் பெரியவங்களையும் கர்ப்பிணிகளையும் நெனச்சுதான். இவங்களுக்கு சின்னம்மை நுரையீரல் வரைக்கும் போய் நிமோனியா ஆகலாம், மூச்சு வாங்குச்சுன்னா அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். பிரசவத்துக்கு அஞ்சு நாள் முன்னாடியிலருந்து பிரசவமாகி ரெண்டு நாள் வரைக்கும் தாய்க்கு கொப்புளம் வந்தா பொறந்த குழந்தைக்கு ரொம்ப ஆபத்து. அசைக்ளோவிர்னு மருந்து இருக்கு, ஆனா மொத கொப்புளம் வந்து 24 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாதான் நல்லா வேலை செய்யும், "மூணு நாள் பாப்போம்"னு காத்திருந்தா அந்த நேரம் போயிருது. இன்னொண்ணு, காய்ச்சலுக்குன்னு குழந்தைக்கு ஆஸ்பிரின் குடுத்துராதீங்க, ஈரலும் மூளையும் பாதிக்கிற அளவுக்குப் போகலாம்.

சாமி கும்புடுறவங்க கும்புட்டுக்கிட்டே டாக்டர்கிட்ட போகலாம், நேந்துக்கிட்டதையும் செய்யலாம், கூழும் ஊத்தலாம். மருந்து குடுத்தா ஆத்தா கோவிச்சுக்குவாங்கிற அந்த ஒரு வரியைத்தான் நான் எதுக்குறேன்.

கடைசியா மணல்வாரி, அதான் தட்டம்மை. இதையும் அம்மன்னு சொல்லி வீட்லயே வெச்சுக்கிறாங்க, ஆனா இது சின்னம்மையை விட மோசம், நிமோனியா, மூளைக்காய்ச்சல் வரைக்கும் போகும். இதுக்கான ஊசி அரசு ஆஸ்பத்திரியில இலவசம், 9 மாசம் முடிஞ்சதும் ஒண்ணு, 16லருந்து 24 மாசத்துக்குள்ள இன்னொண்ணு. வீட்ல சின்னப் புள்ளை இருந்தா தடுப்பூசி அட்டையை எடுத்து ரெண்டாவது ஊசி போட்டாச்சான்னு இப்பவே பாத்துருங்க, விட்டுப் போயிருந்தா நர்ஸம்மாகிட்ட கேளுங்க, போட்டு விடுவாங்க.