பதினாறா, ஐந்தா?

அவையோருக்கு வணக்கம். அண்டவியல் ஆராய்ச்சியாளர் என்றதும் மலையுச்சியில் தொலைநோக்கிக்குள் எட்டிப் பார்ப்பவர்தான் பலருக்கு நினைவுக்கு வருவார். கேலக்ஸிகளின் வளர்ச்சியை ஆராய்பவருடைய பொழுது பெரும்பாலும் கணினி முன்தான் கழிகிறது. மங்கலான ஒரு புள்ளிக்குச் சொல்லப்படும் தூரத்தை நம்பலாமா என்று வழக்காடுகிற வேலை அது. அப்படி ஒரு வழக்கை மட்டும் இன்று எடுத்துக்கொள்வோம்: சீர்ஸ்-93316 என்ற கேலக்ஸி.

2022-இல் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படங்களில் அகப்பட்டது இது. 1.5 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளத்தை ஒட்டிய ஒளியை விடும் ஃபில்டரில் இருட்டு, 2 மைக்ரானில் மினுக்கு, 2.77-லிருந்து பளிச். இதற்கு வழக்கமான விளக்கம் ஒன்று உண்டு. 0.1216 மைக்ரானுக்குக் குறைந்த அலைநீள ஒளியை, வழியில் உள்ள ஹைட்ரஜன் விழுங்கிவிடும். அண்டம் விரிவதால் அந்த வெட்டு 2.1 மைக்ரானுக்கு இழுபட்டிருந்தால், செம்பெயர்ச்சி 16.4. ஒளி எவ்வளவு இழுபட்டது என்ற அளவுதான் செம்பெயர்ச்சி; அது கூடக் கூட தூரமும் கூடும். பெருவெடிப்புக்குப் பின் சுமார் 24 கோடி ஆண்டுகளிலேயே இவ்வளவு பிரகாசமா என்று பலரும் வியந்தார்கள்.

ஆனால் செம்பெயர்ச்சி 4.9 என்று வைத்துப் பாருங்கள். ஆக்சிஜன் 0.5007 மைக்ரானில் உமிழும் ஒளிக்கோடு 2.96-க்கு வரும், 2.77 ஃபில்டர் அதை அள்ளிக்கொள்ளும். ஹைட்ரஜனின் சிவப்புக் கோடு, எச்-ஆல்ஃபா, 3.88-இல் விழும். 3.56, 4.10, 4.44 ஆகிய மூன்று ஃபில்டர்களின் ஓரங்களும் ஒன்றன்மேல் ஒன்று படிவது சொல்லிவைத்தாற்போல அங்கேதான்! ஒரே கோடு மூன்றிலும் வெளிச்சத்தைக் கூட்டிவிடும். குட்டை அலைநீளப் பக்கத்தைத் தூசி மங்கடித்துவிட்டால், வெட்டு விழுந்தது போலவே இருக்கும். அக்கம்பக்கத்துக் கேலக்ஸிகளின் செம்பெயர்ச்சி ஐந்தை ஒட்டியது என்பதைக் காட்டி, இது சுமார் பதினேழாகவும் இருக்கலாம், ஐந்தாகவும் இருக்கலாம் என்று 2022 ஆகஸ்டிலேயே ஒரு குழு எழுதியது. நல்ல ஆய்வுக்கட்டுரைக்கு அந்தத் தயக்கம் அழகு.

தீர்ப்பு, 2023 மார்ச்சில் வெப்பின் கருவி ஒன்று ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்து எடுத்த நிறமாலையில் வந்தது. அந்தக் கருவியில் சுமார் இரண்டரை லட்சம் குட்டிக் கதவுகள்; ஒவ்வொன்றும் 0.1-க்கு 0.2 மில்லிமீட்டர். சில திறக்காது, சில மூடாது. வானத்தில் ஒரு கதவின் அகலம் 0.2 ஆர்க் விநாடிதான் (ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு ஓர் ஆர்க் விநாடி). கேலக்ஸி ஓரத்தில் மாட்டினால் ஒளியில் ஒரு பங்கு கதவுகளுக்கு இடையிலுள்ள கம்பியில் பட்டு வீண். வழக்கமாக மூன்று கதவுகளை வரிசையாகத் திறந்து, கேலக்ஸியை மேலும் கீழும் நகர்த்தி, காலியான கதவின் வான ஒளியைக் கழிப்பார்கள். ஆக்சிஜன், ஹைட்ரஜன் கோடுகள் தெளிவாக வந்தன: 4.9. அந்த ஒளி கிளம்பியபோது அண்டத்தின் வயது 24 கோடியிலிருந்து சுமார் 120 கோடி ஆண்டுகளுக்குத் தாவியது.

நிறமாலைக்கு முன்பே பிசகக்கூடிய இடங்கள் வேறு. 2 மைக்ரானில் ஓர் ஒளிப்புள்ளி படத்தில் படரும் அகலம் சுமார் 0.07 ஆர்க் விநாடி, 4.44-இல் 0.14. எல்லாப் படங்களையும் 4.44-இன் மங்கலுக்குக் கொண்டுவராமல் ஒரே சிறு வட்டத்தில் ஒளியை அளந்தால், நெட்டை அலைநீள ஒளி வட்டத்துக்கு வெளியே சிந்தி, நிறமே பொய்யாகும். படங்களை அடுக்கிச் சேர்க்கும்போது பக்கத்துப் பிக்சல்கள் இரைச்சலைப் பங்கிட்டுக்கொள்ளும். அதனால் பிக்சல் கணக்கில் வரும் பிழை உண்மையைவிடச் சிறியது. வெற்று வானத்தில் நூற்றுக்கணக்கான காலி வட்டங்களைப் போட்டு, அவற்றின் சிதறலைத்தான் பிழையாக எடுக்க வேண்டும். “இங்கே ஒளியே இல்லை” என்ற வாதம் முழுக்க அந்த எண்ணில் தொங்குகிறது. பிறகு நிகழ்தகவு வளைவில் உச்சியை மட்டும் எழுதிவிட்டு, ஐந்தருகே உள்ள சின்ன மேட்டை விட்டுவிடுவது... அது சோம்பல் என்றே சொல்வேன்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0 என்ற கேலக்ஸி, நமக்கு இன்னும் அருகிலுள்ள வேறொரு கேலக்ஸி படத்தில் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்ததாலும் மிகையாகப் பிரகாசித்ததாலும் சந்தேகத்துக்கு ஆளானது. 2024-இல் வெப்பின் நிறமாலை அதை 14.3 என்றது. பின்னர் சிலியிலுள்ள அல்மா ரேடியோ தொலைநோக்கி ஆக்சிஜன் கோட்டைப் பிடித்து 14.18 என்று நிறுத்தியது. இரண்டுக்கும் ஏன் இந்த இடைவெளி என்றால், சுற்றிலும் உள்ள நடுநிலை ஹைட்ரஜன் வெட்டின் விளிம்பை மழுக்கிச் சிவப்புப் பக்கம் தள்ளிவிடும். ஆக்சிஜன் கோட்டை அது தொடுவதில்லை.