கருப்பட்டிப் பெட்டியை ஆச்சி இறக்கிவைத்த கல்

வணக்கம். இன்றைக்கு என் முகத்துக்கு முன்னால் கல்லைக் காட்டிவிடுகிறேன். காலை ஏழு மணிதான் ஆகிறது. இப்படிச் சாய்ந்த வெயிலில்தான் உளி பட்ட தடம் கண்ணுக்குத் தெரியும். பத்து மணிக்கு மேல் வந்தால் வெறும் கல்லாகத்தான் இருக்கும். காற்று கொஞ்சம் பலமாக அடிக்கிறது, கேமரா ஆடினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதுதான் சுமைதாங்கி. நட்டுக்குத்தாக இரண்டு கற்கள், அவற்றின் குறுக்கே ஒரு பலகைக்கல். அவ்வளவுதான். சிலையோ பூவேலையோ கிடையாது. டேப் வைத்து அளந்தேன். தரையிலிருந்து மேல்கல் வரைக்கும் நாலரை அடி, என் தோளைவிடக் கொஞ்சம் மேலே வருகிறது. தெரியாதவர்கள் இதைப் பார்த்து, உடைந்துபோன மண்டபத்தின் வாசல் என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் சின்ன வயதில் அப்படித்தான் நினைத்தேன். ஆச்சிதான் திருத்தினார்.

என் ஆச்சி கருப்பட்டி விற்றவர். ஓலைப்பெட்டி நிறையக் கருப்பட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, செருப்பில்லாமல், சந்தை நாளில் விடியுமுன்பே கிளம்பிவிடுவார். இந்த வண்டிப்பாதைதான் அப்போது வழி. தலைச்சுமையில் என்ன சிக்கல் என்று கேட்டால், நடப்பது கஷ்டமில்லை என்பார். ஏற்றிவிட ஓர் ஆள் வேண்டும், இறக்கிவிட ஓர் ஆள் வேண்டும், அதுதான் கஷ்டம். தனியாகப் போகிறவள் வழியில் இளைப்பாற வேண்டுமென்று தரையில் இறக்கிவிட்டால், மறுபடி தூக்கிவிட யாராவது வருகிறார்களா என்று பாதையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அந்த இன்னோர் ஆளின் வேலையைத்தான் இந்தக் கல் செய்கிறது. சொன்னால் புரியாது, செய்தே காட்டுகிறேன். இதோ பதினைந்து கிலோ அரிசிப் பை. இது சும்மாடு, பழைய துண்டைச் சுற்றியது. ஆச்சி இதைக் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு நொடியில் சுற்றுவார், எனக்கு மூன்று முறை கழன்றுவிட்டது. அந்தப் பகுதியை வெட்டிவிட்டேன், சிரிக்காதீர்கள்.

பாருங்கள். கல்லுக்கு நேராக நிற்கிறேன். முழங்காலை லேசாக மடக்குகிறேன். தலையை முன்னால் கொடுக்கிறேன். பை தானாகவே கல்லின் மேல் சறுக்கி ஏறிவிட்டது. குனியவில்லை, முதுகு வளையவில்லை. திரும்ப எடுக்கும்போது, பையைக் கல்லின் விளிம்புக்கு இழுத்து, அதற்கடியில் தலையைக் கொடுத்து, காலை நிமிர்த்தினால் போதும். அந்தக் காலத்தில் தலைச்சுமையோடு நடந்த ஒருவரின் உயரத்தை மனதில் வைத்து யாரோ இதை நிறுத்தியிருக்கிறார்கள். ஆறடி ஆள் வந்தால் கொஞ்சம் திண்டாட்டம்தான்.

சரி, யாருக்காக நிறுத்தினார்கள்? கர்ப்பமாக இருக்கும்போதோ பிரசவத்திலோ இறந்துபோன பெண்ணின் நினைவாக, அந்தக் குடும்பத்தார் வழியோரத்தில் சுமைதாங்கி வைப்பது வழக்கம். வயிற்றுச் சுமையை இறக்காமலேயே போய்விட்டாளே, வழிப்போக்கர்கள் தங்கள் சுமையை இங்கே இறக்கி இறக்கி வைத்தால் அவளுடைய சுமையும் இறங்கும் என்பது நம்பிக்கை. எல்லாச் சுமைதாங்கியும் அப்படிப்பட்டதல்ல. வெறும் தருமமாகச் செய்ததும் உண்டு. சிலவற்றில் இன்னாருடைய உபயம் என்று பெயரும் ஆண்டும் வெட்டியிருப்பார்கள். இதில் எழுத்தே இல்லை. நான்கு பக்கமும் தடவிப் பார்த்துவிட்டேன்.

ஆச்சியிடம் கேட்டேன், இது யாருக்கு வைத்த கல் என்று. "மேலத்தெருக்காரி ஒருத்தி" என்றார். பெயர்? தெரியாது. எப்போது? "என் மாமியார் வாக்கப்பட்டு வரும்போதே கல் இருந்தது." அதற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் பெட்டியை இறக்குவதற்கு முன்னால் கல்லை ஒருமுறை தட்டுவார், "தாயே" என்பார். கும்பிடுவதில்லை, விபூதி பூசுவதில்லை. இடுப்பில் குழந்தையோடு நிற்கிற பக்கத்து வீட்டுக்காரியின் தோளைத் தட்டுவதுபோல ஒரு தட்டு.

போன வாரம் இளவட்டக்கல் வீடியோ போட்டிருந்தேன். நெல்லைப் பக்கம் வடலிவிளையில் பொங்கலையொட்டி நடக்கும் போட்டி. நூறு கிலோவுக்கு மேல் இருக்கிற வழவழப்பான உருண்டைக் கல்லைக் கட்டிப்பிடித்து, முழங்காலுக்கு ஏற்றி, நெஞ்சுக்கு ஏற்றி, தோளைத் தாண்டிப் பின்னால் எறிய வேண்டும். அந்தக் காலத்தில் பெண் கொடுப்பதற்கு முன் மாப்பிள்ளையைச் சோதித்த கல். பெண்களும் இப்போது தூக்குகிறார்கள், அதையும் காட்டியிருந்தேன். அந்த வீடியோவுக்கு வந்த வரவேற்பைப் பார்த்துவிட்டுத்தான், அடுத்தது இந்தக் கல் என்று முடிவு செய்தேன். இளவட்டக்கல்லைத் தூக்கினால் கைதட்டுவார்கள், நாலு ஊருக்குப் பெயர் தெரியும். இந்தக் கல்லை யாரும் தூக்குவதில்லை. இதன் மேல் வைத்துவிட்டுப் போவார்கள்.

சண்டையில் செத்த வீரனுக்கு வைக்கும் நடுகல்லையும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்து பொறித்த நடுகற்கள் 2006-இல் கிடைத்தன. கூடலூர் ஆநிரைக்காக, அதாவது மாட்டு மந்தைக்காக, நடந்த சண்டையில் இறந்தவனின் பெயர் அந்தவன் என்று அதில் ஒரு கல் சொல்கிறது. சில சொற்கள்தான், ஆனால் ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டு. எருமைகளுக்காக நடந்த சண்டையில் செத்த வீரனுக்கு வைத்தது. அவன் அருகே ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். திருடர்கள் இரண்டு பேரைக் கடித்துவிட்டுக் காவல் காத்துநின்ற நாய். அதன் பெயர் கோவிவன்.

நாய்க்குப் பெயர் வெட்டியது தப்பென்று நான் சொல்லவில்லை. அந்த நாய் என் மனதுக்கு நெருக்கமானது, ஒருநாள் அதற்காகவே அங்கே போய் வீடியோ எடுப்பேன். ஆனால் ஆயிரத்து நானூறு ஆண்டு கழித்து நான் கோவிவன் என்று கூப்பிட முடிகிறது, என் ஊர்க்காரியை மேலத்தெருக்காரி என்றுதான் கூப்பிட முடிகிறது. இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது.

சுமைதாங்கி என்றதும் தாய்மையின் சின்னம், தியாகத்தின் வடிவம் என்று எழுதித் தள்ளுகிறார்கள். அவள் எதையும் தியாகம் செய்யவில்லை ஐயா. ரத்தப்போக்கோ, குழந்தை குறுக்கே கிடந்ததோ, ஜன்னியோ, ஏதோ ஒன்றில் செத்துப்போனாள். காப்பாற்ற ஆளில்லை, வழியில்லை. 2018-20 கணக்குப்படி தமிழ்நாட்டில் உயிரோடு பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 54 தாய்மார்கள் இறந்தார்கள். இந்திய அளவில் 97. இவ்வளவு குறைந்த பிறகும் 54. ஆஸ்பத்திரியும் ரத்த வங்கியும் இல்லாத காலத்தில் ஒவ்வொரு தெருவிலும் இப்படி ஒருத்தி இருந்திருப்பாள். எத்தனை பேருக்குக் கல் வைக்க வசதி இருந்திருக்கும் சொல்லுங்கள்.

ஆனால் கல் வைத்தவர்களை மட்டும் என்னால் குறைசொல்ல முடியவில்லை. துக்கம் தாளாமல் கோயில் கட்டியிருக்கலாம், சமாதி எழுப்பிச் சுற்றுச்சுவர் வைத்திருக்கலாம். யாருக்கு எந்த உயரத்தில் கழுத்து வலிக்கும் என்று யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

இது நம் பக்கத்து வழக்கம் மட்டுமல்ல. யாழ்ப்பாணத்தில் பழைய வழிகளில் மடம், கேணி, சுமைதாங்கி, மாடு உடம்பைத் தேய்த்துக்கொள்ள ஆவுரஞ்சிக் கல் எல்லாம் ஒன்றாகவே இருக்கும். சுமந்துவந்தவளுக்கு ஒரு கல், வண்டி இழுத்த மாட்டுக்கு ஒரு கல். கேரளத்தில் இதையே அத்தாணி என்கிறார்கள், கொச்சி விமான நிலையத்துக்குப் பக்கத்தில் அந்தப் பெயரிலேயே ஊர் இருக்கிறது. நம் வாலாஜா பக்கமும் சுமைதாங்கி என்று ஓர் ஊர் உண்டு. பஸ்ஸில் கண்டக்டர் "சுமைதாங்கி இறங்கு" என்று கத்தும்போது யாராவது யோசித்திருப்பார்களா தெரியவில்லை.

வெயில் ஏறிவிட்டது, பாருங்கள், உளித் தடம் மறைந்துவிட்டது. கிளம்புகிறேன். போகிற வழியில் இன்னொன்றைக் காட்ட வேண்டும்.

இப்போது நான் நிற்பது மெயின் ரோட்டில் பஸ் நிறுத்தம். லாரிச் சத்தம் இருக்கும், கொஞ்சம் சத்தமாகப் பேசுகிறேன். இங்கேயும் ஒரு சுமைதாங்கி இருந்தது. சாலையை அகலப்படுத்த வந்தவர்கள் பொக்லைனால் தள்ளிவிட்டார்கள். தூண்கள் எங்கே போயினவோ. மேல்கல்லை மட்டும் டீக்கடைக்காரர் ஆள் வைத்து நகர்த்தி, இரண்டு சிமெண்ட் கட்டைகளின் மேல் போட்டிருக்கிறார். இப்போது அது பெஞ்சு.

ஒரு பாட்டி உட்கார்ந்திருக்கிறார். முகத்தை எடுக்கவில்லை. பக்கத்தில் முருங்கைக்காய்க் கட்டு, சாக்கில் சுற்றியது. "பாட்டி, இது என்ன கல் தெரியுமா?" என்று கேட்டேன். "சுமைதாங்கிக் கல்தானே" என்றார், இதையெல்லாமா கேட்பாய் என்கிற மாதிரி. யாருக்கு வைத்தது என்று கேட்டேன். உதட்டைப் பிதுக்கினார்.

"நம் பஸ் வருகிறதா பார். வந்தால் இந்தக் கட்டை ஒரு கை பிடி."

வருகிறது. கேமராவை அணைக்கிறேன்.