சட்டையைத் தூக்கி எண்ணுங்கள்

தாய்மார்களே, பெரியோர்களே, வணக்கம்.

"டாக்டர், பிள்ளைக்கு நெஞ்சு கொறகொறங்குது" என்று பதறி ஓடி வருகிறீர்கள். பல நேரம் அது மூக்குச் சளியின் சத்தம்தான். எனக்குப் பயம் தருவது, சத்தமே இல்லாமல் வேகவேகமாக மூச்சு வாங்குகிற குழந்தை.

நுரையீரலுக்குள் கோடிக்கணக்கான சின்னஞ்சிறு காற்றுப் பைகள் உண்டு. நிமோனியாவில் அவற்றில் நீர் கோத்துக்கொள்ளும். ஒரு மூச்சில் கிடைக்கிற ஆக்சிஜன் போதாமல் குழந்தை இன்னொரு மூச்சுக்குத் தவிக்கும். காரணம் பாக்டீரியா என்றால் அமாக்சிசிலின் போன்ற சாதாரண மருந்துக்கே பெரும்பாலும் கேட்கும். வைரஸிடம் அது எடுபடாது. போன தடவை மிச்சமான மருந்தை ஊற்றாதீர்கள். பாட்டிமார்கள் கோபிக்கக் கூடாது, மூக்கில் எண்ணெய் விடுவதையும் நிறுத்துங்கள். அது நுரையீரலுக்குள் இறங்கினால் அதுவே நிமோனியா ஆகிவிடும்.

வங்கதேசத்தில் டாக்டர் முகம்மது ஜோபாயர் சிஷ்டி என்று ஒருவர். 1996இல் சில்ஹெட்டில் பயிற்சி மருத்துவராக இருந்தபோது, ஒரே இரவில் மூன்று குழந்தைகள் நிமோனியாவில் அவர் கண்முன்னே இறந்தன. வென்டிலேட்டருக்கு வழியில்லை. பின்னாளில் அவர் ஒரு ஷாம்பூ பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, குழந்தையின் மூச்சு வெளியேறும் குழாய் முனையை அதில் முக்கினார். குமிழி குமிழியாக வரும். அந்தத் தண்ணீரின் அழுத்தம் காற்றுப் பைகளைச் சுருங்கவிடாமல் தாங்கும். டாக்காவில் நடந்த ஆய்வு 2015இல் வெளிவந்தது: வழக்கமாக ஆக்சிஜன் கொடுத்த குழந்தைகளில் 100க்கு 15 பேர் இறந்தார்கள், குமிழி முறையில் 4 பேர். டாக்டரும் நர்ஸும் பக்கத்திலேயே இருந்து கவனிக்கிற இடத்தில் கிடைத்த பலன் அது. வீட்டில் யாரும் செய்து பார்க்க வேண்டாம்.

எந்த வைத்தியத்துக்கும் பிள்ளை நேரத்தோடு வந்து சேர வேண்டுமே! பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்குங்கள். வயிறு ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. முழுசாக ஒரு நிமிஷம் எண்ணுங்கள். பச்சைக் குழந்தை நடுநடுவே மூச்சைச் சற்று நிறுத்தும், அரை நிமிஷக் கணக்கு தப்பிவிடும். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயது வரை 50, அதற்குமேல் ஐந்து வயது வரை 40. இதைத் தொட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க முடியாமல் துவண்டாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, விடியட்டும் என்று இருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

முன்வரிசையில் இருக்கிற அம்மா, உங்கள் மடியில் பிள்ளை நன்றாகத் தூங்குகிறான். சட்டையைக் கொஞ்சம் தூக்குங்கள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்கிறேன். எல்லோரும் சேர்ந்து எண்ணுவோம், சத்தம் போடாமல். ஒன்று... இரண்டு...