தீர்ப்பின் கடைசிப் பத்தி

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

"முதல் குற்றத்துக்கு 3 ஆண்டு கடுங்காவல், 5,000 ரூபாய் அபராதம், கட்டத் தவறினால் மேலும் 3 மாதம் மெய்க்காவல். இரண்டாவது குற்றத்துக்கு 2 ஆண்டு கடுங்காவல், 5,000 ரூபாய் அபராதம், கட்டத் தவறினால் மேலும் 2 மாதம் மெய்க்காவல். சிறைத் தண்டனைகளை ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும்."

குற்றவியல் தீர்ப்புகளின் கடைசிப் பத்தி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். இதைக் கேட்கும் குடும்பத்தார் எண்களை மட்டும் மனத்தில் வாங்கிக்கொண்டு, "மொத்தம் 5 வருஷம்" என்று அழுதபடி வெளியே வருகிறார்கள். அந்தக் கணக்கு தவறு. இந்தத் தீர்ப்பின்படி சிறைவாசம் 3 ஆண்டுதான். அபராதம் கட்டாவிட்டால் 3 ஆண்டு 5 மாதம். எப்படி என்று பார்ப்போம்.

கடுங்காவல் என்றால் சிறையில் கட்டாயம் வேலை செய்ய வேண்டும். மெய்க்காவல், அதாவது வெறுங்காவல், என்றால் வேலை கட்டாயமில்லை. கடுங்காவல் என்பது இருட்டறையில் தனியே பூட்டிவைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அதற்குத் தனிமைச் சிறை என்று பெயர். அது வேறு. நீதிமன்றம் தனியாகக் குறிப்பிட்டு உத்தரவிட்டால்தான் உண்டு. அதிலும் ஒரே தொடர்ச்சியாக 14 நாளுக்கு மேல் கூடாது.

அடுத்தது "ஏககாலத்தில்" என்ற சொல். அது இருந்தால் எல்லாச் சிறைத் தண்டனைகளும் ஒரே நாளில் தொடங்கி ஒன்றாகவே ஓடும். மிக நீண்டது முடியும்போது மற்றவையும் முடிந்திருக்கும். "ஒன்றன்பின் ஒன்றாக" என்று இருந்தால் கூட்டிக்கொண்டே போக வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், நீதிபதி எதுவும் சொல்லாமல் விட்டால் ஒன்றன்பின் ஒன்றாக என்றே பொருள். ஒரு சொல் விடுபட்டதால் ஆண்டுக்கணக்கில் கூடுதலாக உள்ளே இருக்க நேரும். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 25ஆம் பிரிவு, குற்றத்தின் தன்மையைப் பார்த்து இரண்டில் எது என்று நீதிமன்றமே உத்தரவிட வேண்டும் என்கிறது. நல்ல மாற்றம். ஆனாலும் தீர்ப்பு நகலில் அந்தச் சொல் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி, "கட்டத் தவறினால்". இன்று முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான்.

அபராதத்தைக் கட்டாததற்காக அனுபவிக்கும் சிறை, குற்றத்துக்கான தண்டனையோடு சேர்ந்து ஓடாது. ஏககாலத்தில் என்ற உத்தரவு இதற்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதனால்தான் நம் எடுத்துக்காட்டில் 3 மாதமும் 2 மாதமும் தனித்தனியாகக் கூடி, 5 மாதமாக மூன்றாண்டின் வால்பகுதியில் ஒட்டிக்கொள்கின்றன. விசாரணைக் கைதியாக உள்ளே இருந்த நாட்களைத் தண்டனையில் கழித்துக்கொள்ளலாம் என்று அதே சுரக்ஷா சன்ஹிதாவின் 468ஆம் பிரிவு சொல்கிறது அல்லவா? அந்தக் கழிவும் கட்டத் தவறிய சிறைக்குக் கிடையாது. ஓராண்டு விசாரணைச் சிறையில் இருந்தவருக்கு 3 ஆண்டு 2 ஆண்டாகும். 5 மாதம் 5 மாதமாகவே நிற்கும். "தண்டனைக் காலம் முடிந்துவிட்டதே, இன்னும் ஏன் விடவில்லை?" என்ற கேள்வி எழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பணம் இல்லாத ஒரே காரணத்துக்காக ஒருவர் கூடுதலாக அடைபட்டுக் கிடப்பது எனக்கு ஒருபோதும் சரியாகப்பட்டதில்லை.

இதற்கு உச்சவரம்பு உண்டு. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 8ஆம் பிரிவைப் பாருங்கள். சிறையும் அபராதமும் விதிக்கத்தக்க குற்றமானால், அந்தக் குற்றத்துக்குச் சட்டம் வைத்திருக்கும் அதிகபட்ச சிறைக்காலத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சம் 3 ஆண்டு. ஆகவே கட்டத் தவறிய சிறை 9 மாதத்தைத் தாண்ட முடியாது. அபராதம் மட்டுமே விதிக்கத்தக்க குற்றமானால் மெய்க்காவல்தான், கடுங்காவல் கூடாது. அபராதம் 5,000 ரூபாய் வரை என்றால் 2 மாதம், 10,000 வரை என்றால் 4 மாதம், அதற்கும் மேலே ஓராண்டு. இவை அதிகபட்ச அளவுகள்.

பாதிப் பணம்தான் புரட்ட முடிந்தது என்று சும்மா இருந்துவிடாதீர்கள். கட்டிய அளவுக்குச் சிறைக்காலம் குறையும். 1,000 ரூபாய் அபராதம், தவறினால் 4 மாதம் என்று வையுங்கள். முதல் மாதம் முடிவதற்குள் 750 ரூபாய் கட்டிவிட்டால், அந்த ஒரு மாதம் முடிந்ததும் விடுதலை. முழுத் தொகையும் கட்டினால் அன்றே அந்தச் சிறை முடிகிறது. பணத்தைக் கட்டி ரசீது வாங்கியதோடு வேலை முடிவதில்லை. கட்டிய தகவல் சிறைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டு உறுதிசெய்ய வேண்டும். அந்தத் தாள் போகாததால் வீணாகும் நாட்களை யாரும் திருப்பித் தர முடியாது.

அபராதம் மட்டுமே தண்டனையாக இருந்து, உடனே கட்ட இயலாவிட்டால், 30 நாள் அவகாசமோ, இரண்டு மூன்று தவணையோ கேட்கலாம். பிணைப்பத்திரம் எழுதித்தர வேண்டியிருக்கும். கேட்டால்தான் கிடைக்கும். இன்னொரு வழியும் இருக்கிறது. ஏழைக் கைதிகளுக்கு உதவ மத்திய அரசு 2023இல் கொண்டுவந்த திட்டத்தில், தண்டனை பெற்றவரின் அபராதத்துக்காக 25,000 ரூபாய் வரை மாவட்ட அளவிலான குழு அனுமதிக்கலாம். ஊழல், போதைப்பொருள் போன்ற சில வகை வழக்குகளுக்கு இது பொருந்தாது. இதைப் பற்றி மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விசாரிக்கலாம். இலவச சட்ட உதவிக்கான தொலைபேசி எண் 15100.

அடுத்து ஆயுள் தண்டனை. "ஆயுள்னா 14 வருஷம்" என்பது ஊரெங்கும் வேரோடிய நம்பிக்கை. ஆயுள் என்றால் ஆயுள் முழுக்க. 1961இல் கோபால் விநாயக் கோட்சே வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. மரண தண்டனையும் விதிக்கத்தக்க ஒரு குற்றத்துக்கு ஆயுள் பெற்றவரை, 14 ஆண்டு உள்ளே இருக்காமல் அரசு முன்கூட்டியே விடுவிக்கக்கூடாது என்பதுதான் அந்த எண்ணின் கதை. 14 ஆண்டுக்குப் பிறகு விடுதலைக்குப் பரிசீலிக்கக் கோரலாம். கதவு தானாகத் திறக்காது. இன்னும் சிலர் 20 ஆண்டு என்பார்கள். அது பின்னக் கணக்குக்காக மட்டும் வைத்த அளவு. ஆயுள் தண்டனைக்குரிய குற்றத்தைச் செய்ய முயன்றவருக்குப் பாதித் தண்டனை எவ்வளவு என்று கணக்கிட 20 தேவைப்படுகிறது, அவ்வளவுதான். இரட்டை ஆயுள் என்று செய்தித்தாளில் படித்துத் திகைக்கிறோம். அவை ஒன்றன்பின் ஒன்றாக ஓட முடியாது என்று தமிழ்நாட்டிலிருந்து போன முத்துராமலிங்கம் வழக்கில் 2016இல் தீர்ப்பாகியிருக்கிறது.

தலைவர்கள் பிறந்தநாளையொட்டிக் கைதிகள் விடுதலை என்ற செய்தி வரும்போது அதை மன்னிப்பு என்று சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் அது தண்டனைக் குறைப்பு. குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே இருக்கும், மீதிக் காலம் மட்டும் தள்ளுபடியாகும். தூக்கு ஆயுளாக மாறினால் அது தண்டனை மாற்றம். பரோல் இவை எதிலும் சேராது. அது விடுப்பு, திரும்பி வந்தாக வேண்டும்.

புதிய சட்டத்தில் சமூக சேவையும் ஒரு தண்டனையாகியிருக்கிறது. கூலி கிடையாது. குடித்துவிட்டுப் பொது இடத்தில் ரகளை செய்வது, அவதூறு போன்ற சில குற்றங்களுக்கு மட்டும். முதல் தடவை திருடியவர், பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் சிறைக்குப் பதில் சமூக சேவைதான்.

சிறைத் தண்டனை விதிக்கப்பட்டவருக்குத் தீர்ப்பின் நகலை உடனே இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். கேட்டு வாங்குங்கள். மாஜிஸ்திரேட் தீர்ப்புக்கு எதிராக செஷன்ஸ் நீதிமன்றத்தில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். செஷன்ஸ் தீர்ப்பென்றால் உயர் நீதிமன்றத்தில் 60 நாள், மரண தண்டனையானால் 30 நாள். ஜாமீனில் இருந்தவருக்கு 3 ஆண்டோ அதற்குக் குறைவாகவோ சிறை விதித்திருந்தால், மேல்முறையீடு செய்வதற்காகத் தண்டனையை நிறுத்திவைக்கும்படி, தீர்ப்புச் சொன்ன அதே நீதிமன்றத்தில் அன்றைக்கே மனு கொடுக்கலாம். நீதிபதி இருக்கையை விட்டு எழுவதற்கு முன் வழக்கறிஞரிடம் அதை நினைவூட்டுங்கள்.

நன்றி, வணக்கம்.